ஏழு படங்களோடு நின்ற பிலிம் சுருள்

அண்ணனின் ஓராண்டு நினைவு ஆராதனைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, சபையாரே, அண்ணனோடு பழகிய பெரியோர்களே! முதலில் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அண்ணனின் முகம் இல்லை. ஒரு வயல் வரப்பும், இரு பக்கமும் நாற்றும், தூரத்தில் தென்னைகளும்தான் இருக்கின்றன. அச்சகத்தில் படம் மாறிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். ஊரையெல்லாம் படம் எடுத்த மனிதரின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஒன்று இருந்தது. அது போன கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் இன்றைக்கும் தாளைப் பாயின் அடியில் தள்ளிவிடுகிறேன். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "எழுதணும்னா எழுது மக்கா. ஆருக்க பேரும் மட்டும் எழுதாத." ஆகவே இக்கட்டுரையில் யார் பெயரும் இராது. உரியவர்களுக்குத் தங்களைத் தெரியும்.

அண்ணன் பிறந்தது கொல்லயிலில், அம்மாவின் வீட்டில். வளர்ந்ததெல்லாம் பாறசாலைக்குக் கிழக்கே வயலோரத்தில் இருக்கும் இந்த வீட்டில். தேங்காய் வியாபாரம் செய்துவந்த அப்பா காலமானபோது அண்ணன் நாலாம் பாரம் படித்துக்கொண்டிருந்தார். நான் தவழ்கிற குழந்தை. அத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பதிவு ஆபீசுக்கு எதிரே ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதும் ஒருவரிடம் போய் உட்கார்ந்தார். தமிழும் மலையாளமும் ஒரே அழகில் எழுதும் கை. கிழக்கே இன்னாருடைய புரையிடம், மேற்கே தண்ணீர்த் தோடு, வடக்கே நடைபாதை, தெற்கே இன்னாருடைய வயல் என்று நான்கு எல்லையையும், எங்கள் பேச்சில் அதிர், பிசகாமல் எழுதுவார். அவர் எழுதிய ஆதாரத்தில் அதிர் வழக்கு வந்ததில்லை என்பது எங்கள் குடும்பத்தின் பெருமை. என்னைப் படிக்க வைத்ததும் அந்தக் கைதான்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மாமா ஒரு கறுப்புப் பெட்டிக் கேமராவை அண்ணனுக்குக் கொடுத்தார். சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும். ஒரு பிலிம் சுருளில் எட்டுப் படம். பின்புறம் சிவப்புக் கண்ணாடி போட்ட சிறு துளையில் எத்தனையாவது படம் என்ற எண் தெரியும். அதற்கென்று அண்ணன் மூன்று சட்டம் வைத்திருந்தார். வெயில் முதுகில் விழ வேண்டும். பெட்டி வயிற்றோடு சேர்ந்திருக்க வேண்டும். விசையைத் தட்டும்வரை மூச்சு விடக் கூடாது. எட்டும் முடியாமல் சுருளைக் கழற்ற மாட்டார் என்பதையும் சேர்த்தால் நான்கு.

மற்றவர்கள் கேமரா கிடைத்தால் கோட்டுப் போட்டவர்களைத்தான் எடுப்பார்கள். அண்ணன் எடுத்தது என்ன தெரியுமா? மரச்சீனிக் கிழங்கு காயப்போட்ட பாறையில் வால் தூக்கி ஓடும் அணில். எருமையைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அதனிடம் குடும்பக் கதை சொல்லும் ஒரு அக்கா. கோயில் மணிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு தூங்கிப்போன பூனை. ஞாயிறு தவறாமல் ஆராதனை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கிவிடுவார். சேம்பிலையில் மழைத்தண்ணீர் உருளுவதை எடுக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. பெட்டிக் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது தெளியாது. நான்கு முறை எடுத்தும் நான்கும் பஞ்சுப் பொதியாகவே வந்தன.

"இது என்னது மக்கா, புகையா?" என்று அம்மா கேட்டார்கள்.

"சேம்பெலைல தண்ணி ஆக்கும்மா."

"அப்ப எலை எங்க?"

"அதும் அதிலதான் உண்டு. கொஞ்சம் கலங்கிப் போச்சு."

கழுவும்வரை சுருளில் வெளிச்சம் பட்டால் உள்ளே விழுந்த படமெல்லாம் கருகிவிடும். அதை இருட்டறையில் கழுவிப் படம் போட்டுத் தருவது நெய்யாற்றங்கரையில் ஒரு ஸ்டூடியோக்காரர். மலையாளத்துக்காரர், அண்ணனைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணனைக் கண்டதும், இந்த முறையும் கொக்குதானா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்: "எந்தா சாறே, இப்பிராவசியமும் கொக்கு தன்னெயோ?" பிறகு இருவரும் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, இந்தக் கொக்கின் கால் சரியாக விழுந்திருக்கிறது, அதன் கழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஒருவர் தமிழில், ஒருவர் மலையாளத்தில். நான் நடுவில் கொட்டாவி விட்டபடி நிற்பேன்.

பிறகு போராட்டக் காலம் வந்தது. மலையாள ஆட்சியில் இருந்த எங்கள் தமிழ்ப் பகுதியையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டங்களும் ஊர்வலங்களும் நடந்தன. அதைப் பற்றிப் பெரியவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது அதன் பயம்தான். பூட்ஸ் சத்தம் கேட்டதும் பகலிலேயே கதவைச் சாத்துவது. தமிழ்ப் பத்திரிகைகளை நெல்லுப் பத்தாயத்துக்குள் போட்டு மூடுவது. சந்தைக்குப் போன ஆள் வர ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாமல் கிடப்பது. ஊர்வலத்தில் போனவர்கள் யார் யார் என்று போலீஸ் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் சொல்லவில்லை. முகம் தெரியாதவரைக்கும் பிழைத்தார்கள்.

அண்ணன் கூட்டங்களுக்குப் போகிறவர் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உழுத வயலின் வரப்பில் கேமராவோடு நின்றிருந்தார். ஏருக்குப் பின்னால் இறங்கிய கொக்குகள் நாற்பதுக்குமேல் இருக்கும். அவை மொத்தமாய் எழும்பும் ஒரு நொடிக்காக அந்தப் பருவம் முழுவதும் காத்திருந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். அப்போதுதான் மேற்கேயிருந்து கொடியோடு ஒரு ஊர்வலம் வரப்புச் சாலையில் திரும்பியது. முன்வரிசையில் ஆறு பேர். ஆறு பேரும் எங்கள் பக்கத்து வீடுகளைச் சேர்ந்தவர்கள். சபையைச் சேர்ந்த நால்வர், தெற்கே வீட்டு மாமாவும் அவருடைய தம்பியும். அவர்கள் போட்ட கோஷத்தில் அத்தனை கொக்கும் ஒரே வெள்ளையாய் எழும்பின. அண்ணன் மூச்சைப் பிடித்துத் தட்டிவிட்டார்.

வெயில் அண்ணனின் முதுகில். ஆகவே அந்த ஆறு முகங்களிலும் நேர் வெயில்.

மாலையிலேயே தெற்கே வீட்டு மாமா வந்துவிட்டார். "எலே, நீ காலத்த என்னத்த எடுத்த?"

"கொக்கு மாமா."

"கொக்கு மேல இருந்து. நாங்க கீழ இருந்தோம். எங்களுக்க மொகம் விழுந்திருக்கா, அதச் சொல்லு."

"விழுந்திருக்கும்."

"அப்ப அந்தச் சுருள எடுத்து அடுப்பில போடு."

அண்ணன் கெஞ்சுகிற குரலில், "மாமா, கழுவி வந்த ஒடனே கத்திரியால உங்க மொகத்த எல்லாம் வெட்டிப் போடுகேன். எனக்குக் கொக்கு மட்டும் போதும்" என்றார்.

மாமா சிரித்துவிட்டார். "பாத்தியளா, நமக்குத் தலை வேண்டாமாம், கொக்குக்கு ரெக்கை வேணுமாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் படி இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

அது ஆறாவது படம். மறுநாள் ஏழாவது படத்தை எடுக்க என் தொல்லை தாங்காமல் அண்ணன் என்னிடம் கேமராவைக் கொடுத்தார். முற்றத்துப் பலாவின் கீழ் அவரை நிறுத்தினேன்.

"வெயிலு முதுகில இருக்கா? பெட்டிய வயித்தோட சேத்து வை. மூச்சப் பிடி" என்று அங்கே நின்றே சட்டம் சொன்னார்.

"சிரி அண்ணா."

"சிரிச்சா பெட்டி ஆடும்."

"பெட்டியப் பிடிச்சிருக்கியது நீயா? நானாக்கும்!"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். தட்டினேன். எட்டாவது படத்துக்கு மழை வேண்டும் என்றார். சேம்பிலை! அந்த மழைக்காகத்தான் சுருள் கேமராவுக்குள்ளேயே கிடந்தது. இடையில் ஆபீஸ் காரியமாக நெய்யாற்றங்கரை போனபோது, கொக்கு எழும்பியதையும் ஊர்வலம் வந்ததையும் ஸ்டூடியோ சேட்டனிடம் சொன்னாராம். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நான் சொன்னேன்.

அப்போது நான் நெய்யாற்றங்கரையில் ஆறாம் பாரம். தினமும் பஸ். நிறைந்த பஸ்ஸில் ஒரு நாள் என் வகுப்புத் தோழி வேடிக்கையாகச் சீண்டினாள்: "நின்றெ சேட்டன் கொக்கும் தவளையும் மாத்ரமல்லே எடுக்கூ? ஜாத கண்டால் ஓடும்!"

கொக்கும் தவளையும் மட்டும் எடுப்பவர், ஊர்வலத்தைக் கண்டால் ஓடுபவர், என் அண்ணன் பயந்தவர் என்றா சொல்கிறாள்? எனக்கு உச்சி எரிந்தது. "ஆரு ஓடுகது? எனக்க அண்ணன் வயல்ல நேர நின்னு எடுத்தாச்சு. ஓரோருத்தருக்க மொகமும் தெளிவா உண்டு, தெரியுமா!" என்றேன். கழுவாத படத்தில் தெளிவைக் கண்டவள் நான். சொல்லி முடித்த பிறகுதான் பஸ்ஸில் மற்றவர்கள் பேசுவதை நிறுத்தியிருந்தது காதில் விழுந்தது. எங்கள் ஊர் பஸ்ஸில் இரண்டு மொழியும் தெரியாதவர் யார் இருக்கிறார்கள்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனிடம் சொல்லவும் துணிவு இல்லை. மழை பெய்யட்டும், எட்டாவது படம் முடியட்டும், சுருள் எப்படியாவது வெளியே போகட்டும் என்று ஜெபம் பண்ணினேன். வானம் பளபளவென்று கிடந்தது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. நடுப்பகல். நாய் குரைத்தது. ஒரு ஹெட் கான்ஸ்டபிளும் இரண்டு போலீஸ்காரர்களும் முற்றத்தில் நின்றார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை.

"ஓரோருத்தருடெ முகமும் தெளிவாயிட்டுண்டெந்நு கேட்டல்லோ. எவிடெ பிலிம்?" என்றார் ஹெட் கான்ஸ்டபிள்.

என் வாயிலிருந்து வந்த அதே சொற்கள், மலையாளத்தில். அம்மாவின் கையிலிருந்த முறம் சாய்ந்து அரிசி கொட்டியது. அண்ணன் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். அவர் உதடுகளை இறுக்கி மூச்சைப் பிடித்தார், படம் எடுக்கும்போது செய்வதுபோல.

"உண்டு சார். இப்பத் தாறேன்" என்று உள்ளே போய்க் கேமராவை எடுத்து வந்தார். இறவாரத்தின் நிழலில் நிற்கவில்லை. நேரே முற்றத்தின் நடுவே, உச்சி வெயிலில் போய் நின்றார். பின்பக்கத்தைத் திறந்தார். சுருளை எடுத்துக் கறுப்புத் தாளைப் பிரித்து, பணிவாக இரண்டு கைகளாலும் நீட்டினார். "இதாக்கும் சார் படம். நல்லாப் பாருங்க."

ஹெட் கான்ஸ்டபிள் வாங்கி, முழு நீளத்துக்கும் இழுத்து, சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒவ்வொரு அங்குலமாய் முகம் தேடினார். ஒரு போலீஸ்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மாமா. மாமாவின் தம்பி. சபையின் நால்வர். நாற்பது கொக்கு. பலாவின் கீழே சிரித்த அண்ணன். ஒவ்வொன்றாய் வெயிலில் போய்க்கொண்டிருந்தது.

"இதில் ஒந்நும் காணுந்நில்லல்லோ!"

"கழுவினாத்தான் சார் தெரியும்" என்றார் அண்ணன்.

கவனமாகச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கோ கொடுத்துக் கழுவியிருக்கிறார்கள். அடுப்புக்கரி போல வந்திருக்கும். இரண்டு நாள் கழித்து வந்து அண்ணனை அழைத்துப் போனார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு. அம்மா முற்றத்தில் விரித்த பாயை மடிக்கவேயில்லை. அண்ணன் நடந்தே திரும்பி வந்தார். அந்தக் கோடை முழுவதும் முழுக்கைச் சட்டை போட்டார். அங்கே நடந்ததை எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. ஆறு பேரில் ஒருவர் வீட்டிலும் போலீஸ் ஏறவில்லை.

அண்ணன் திரும்பி வந்த அன்று மாலை ஆறு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமாதான் அண்ணனிடம் கேட்டார்: "மக்கா, இத ஆருக்கிட்ட நீ பறஞ்ச?"

நான் கதவோரம் நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பாமலே, "ஸ்டூடியோவில மட்டும்தான் சொன்னேன்" என்றார்.

அது பொய் அல்ல. ஆனால் அதிலிருந்து என்ன முளைக்கும் என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டு நின்ற எனக்கும் தெரியும். ஒரு வாரத்துக்குள் ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில் கல் விழுந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் கல்யாணப் படத்துக்கு மார்த்தாண்டம் போகத் தொடங்கினார்கள். "அவன் காட்டிக் கொடுத்தவன்" என்றார்கள். நானும் அந்தப் பஸ்ஸில்தான் தினமும் போனேன், வந்தேன். பலகை அடித்த அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பின் அண்ணன் பிலிம் வாங்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் கேமராவை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவது நிற்கவில்லை. கொக்கு இறங்கும். வெயிலை முதுகுக்கு விட்டு, பெட்டியை வயிற்றோடு சேர்த்து, மூச்சைப் பிடித்து, தட்டுவார். சுருள் இல்லாத பெட்டி. 'டக்' என்று சத்தம் மட்டும் வரும். ஒருமுறை மழை விட்ட நேரத்தில் சேம்பிலையின் முன்னால் குந்தியிருந்து அப்படித் தட்டியதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து அழுதேன்.

மாநில எல்லைக்குக் கோடு போட்டார்கள். அது எங்களுக்குத் தெற்கே, களியக்காவிளையில் விழுந்தது. நாங்கள் இந்தப் பக்கம், மலையாளத்தோடு, ஆனோம். ஊரெல்லாம் நாலு அதிரும் எழுதிக் கொடுத்த அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் இருமல் வந்துவிட்டிருந்தது. மறு மழைக்காலத்தில் நெஞ்சு மிகவும் தளர்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி வாரம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நெய்யாத்தங்கரைக்கு ஒருக்கா போயிட்டு வா மக்கா."

"எதுக்கு அண்ணா?"

"உனக்குத் தெரியும்."

மூன்றாம் நாள் விடிகாலையில், அம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கும்போதே, அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறைத் தோட்டம்வரை சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் ஆறு பேர். எந்த ஆறு பேர் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். வாசலுக்கு வெளியே, மழையில், குடையோடு ஸ்டூடியோ சேட்டன் நின்றார். "இவன் எதுக்கு வந்தான்?" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கும் நான் பேசவில்லை.

நெய்யாற்றங்கரைக்குப் போக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இந்த மலருக்கு அட்டைப் படம் வேண்டும் என்று அம்மா அண்ணனின் தகரப் பெட்டியைத் துழாவியபோது, பழைய வரப்புப் படம் ஒன்று கிடைத்தது. பின்புறத்தில் அண்ணனின் கையெழுத்து: 'நிழல் விழுந்துவிட்டது. பிழை.' அதையும் அதன் நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு போன மாதம் ஸ்டூடியோவுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் இன்றும் பலகைதான்.

சேட்டன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "சாறின்றெ வரம்பு" என்றார்.

"சேட்டா, அன்றைக்குப் பஸ்ஸில்..." என்று தொடங்கினேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

"எனிக்கறியாம் மோளே" என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஸ்டேஷனிலிருந்து வந்த மறு மாதமே அண்ணன் அவரிடம் போயிருக்கிறார். நடந்தது முழுவதையும் சொல்லி, பழியை உங்கள் மேல் விழவிட்டவன் நான்தான், நாளைக்கே ஊரில் சொல்லிவிடுகிறேன் என்றாராம். வேண்டாம், பதினாறு வயதுப் பெண்ணை ஊர் சும்மா விடாது என்று தடுத்தது சேட்டன். "அவள் வளரட்டெ. தனியெ வரும். அந்நு மதி" என்றாராம்; வளர்ந்து தானாக வருவாள், அன்றைக்குச் சொன்னால் போதும் என்று. கல் விழுந்த கடைக்குள், என் பெயரை வெளியே விடாமல், நான் வருவேன் என்று ஒருவர் காத்திருந்திருக்கிறார்.

ஆகவே, தெற்கே வீட்டு மாமா அவர்களே, மற்ற ஐந்து பேரே, இன்று அண்ணனின் கல்லறையில் பூ வைக்க வந்திருக்கும் எல்லோரே: சொன்னது நான். ஸ்டூடியோ சேட்டன் உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. உங்கள் கோபத்தை என்மேல் திருப்புங்கள். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் திருப்புங்கள்.

அண்ணனின் நோயில் இரவும் பகலும் பார்த்த ஆஸ்பத்திரி மருத்துவருக்கும் சிஸ்டர்மாருக்கும், ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் சபைக்கும், மழையில் பெட்டி சுமந்த தோள்களுக்கும், ஒரு வருடம் அம்மாவைத் தனியே விடாத அயல்வீட்டுத் தாய்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த கைக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. அவர் இன்று ஆராதனைக்கு வந்திருக்கிறார். வாசலுக்கு வெளியே நிற்க விடாதீர்கள்.

இனி அட்டைப் படத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். வரப்பின் கீழ் ஓரத்தில், நாற்றின்மேல், நீளமாய் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. தலை, தோள், விலாவோடு ஒட்டிய இரண்டு முழங்கை. முகம் தேடியவர்களுக்கு எங்களிடம் இருப்பது அதுதான். வெயில் முதுகில் இருக்க, அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.